மாறும் வானத்தை மறைக்காமல் சொன்ன அட்ராக்டாவுக்கு

மேற்கே தூறல், கிழக்கே வெயில், வடக்கே காற்று என்று வானொலியில் ஒரே மூச்சில் அயர்லாந்து முழுவதையும் அரவணைத்த அன்புக் குரலே! முப்பத்தாறு இலையுதிர் காலங்களை எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே பார்த்துவிட்ட பார்வையே! அட்ராக்டா கெராட்டி அம்மையீர்! வணக்கம்.

ஆகஸ்டு முதல் நாளே இலையுதிர் காலம் பிறந்துவிட்டது என்று ஊரார் அடம்பிடிக்க, செப்டம்பரில்தான் என்று நம் வானிலை அலுவலகம் முறுக்கிக்கொள்ள, இரு பக்கமும் தலையாட்டிப் பகையின்றி வாழ்ந்த சாமர்த்தியசாலி நீங்கள். காலையில் வெயிலும் பகலில் ஆலங்கட்டியுமாக ஆட்டம் காட்டும் இந்த நாட்டில், "மாறக்கூடிய வானிலை" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிடலாம். நாங்கள் ஓட்டினோம். நீங்களோ தெற்கே கெர்ரியில் மழை எப்போது, வடக்கே டொனிகாலில் எப்போது என்று வரைபடத்தோடு மல்லுக்கட்டினீர்கள். இன்றோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள்; உங்கள் நனைந்த கோட்டு காயும் வாடை இனி இந்த அறையில் வராது என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

பாராட்டு மடலில் பிழையைப் பேசலாமா? உங்களைப் பற்றிய மடலில் பேசியே ஆகவேண்டும்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர். மேற்குக் கடலில் உள்ள இனிஷ்கரா தீவின் ஃபெஸ்டி என்ற முதியவர் கரையிலிருந்த மருத்துவமனையில் இறந்துபோனார். கால் முடியாத அவர் மனைவி நாப்லா தீவிலேயே காத்திருந்தார். செவ்வாயன்று படகில் உடலைக் கொண்டுபோகலாமா என்று அவர்கள் மகன் உங்களிடம் கேட்டார். புயல் வரும், வேண்டாம் என்றீர்கள். புயல் வடக்கே விலகிப் போயிற்று. அன்று முழுக்கக் கடல் அசையவில்லை. மறுநாள் வந்த நிஜப் புயல் இரண்டு நாள் நகரவில்லை. வெள்ளிக்கிழமைதான் ஃபெஸ்டி வீடு சேர்ந்தார்.

இனி ஒலிவாங்கி முன் உட்காரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை முதல் படகில் அந்த வீட்டுக்குப் போனீர்கள். அங்கே நடந்ததை நீங்களே எங்களிடம் சொன்னீர்கள்.

"நீதானா அந்த ரேடியோக்காரி? செவ்வாக்கிழம கடலு தட்டுல ஊத்துன பாலாட்டம் கெடந்துச்சு, தெரியுமா?" என்றாராம் நாப்லா.

"தெரியும்மா. என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

"மூணு நாளு ஜன்னலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அது லேசுப்பட்டதில்ல. ஆனா அறுவது வருசத்துல அந்த மனுசன் ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வீடு வந்திருக்காரா? உன்னால மட்டும் கூட்டியார முடியுமாக்கும்! உக்காரு, டீ ஆறுது."

இருவரும் அழுதீர்கள். பிறகு அவர் கேட்டார்: "திங்கக்கிழம துணி துவைக்கணும். காயுமா?"

"மத்தியானம் வரைக்கும் காயும். அதுக்கு மேல எனக்கு உறுதியா தெரியலம்மா."

"அத ரேடியோவுலயும் சொல்லித் தொலையேன். உனக்குத் தெரியலன்னா நாங்க வெளிய எட்டிப் பாத்துக்க மாட்டோமா?"

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழித்தீர்கள். ஞாயிறு மாலையே, மேற்குக் கரையில் நாளை பிற்பகல் எப்படியென்று தெரியவில்லை என்று நாடறியச் சொன்னீர்கள். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். மீனவர்களோ, இப்போதுதான் நம்பத் தோன்றுகிறது என்று தொலைபேசியில் அழைத்தார்கள்.

தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் துணிவின் திருவுருவே! நலம் குன்றாமல், நடை தளராமல், நாளைய மழையைப் பற்றிய கவலை சிறிதுமின்றி நனைந்து மகிழ்ந்து நெடுங்காலம் வாழ்க!

நாளை மாலை ஆறு மணிக்கு உங்கள் இருக்கையில் எங்களில் ஒருவர் உட்காருவார். நாங்களும் தவறுவோம். தவறும் நாளில், உங்களைப் போலவே அடுத்த படகிலேயே போய், எங்களால் தவித்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

இங்ஙனம்,
டப்ளின் முன்னறிவிப்பு அறையில் உங்களோடு வானம் பார்த்தவர்கள்