பூக் கேட்டு விலை வைத்த வீடு

மதியம் சாப்பிட்டதும் ஒருவன் ஒன்றரை மணி நேரம் தூங்குவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மயில்சாமி மாமா, கோயில் தர்மகர்த்தா என்ற முறையில், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னீர்கள். அதனால் தூக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

திருச்செங்கோட்டில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நூறு வயதைத் தாண்டிவிட்டது. இரண்டடிச் சுவர், பதினாறு தேக்குத் தூண். சித்திரை வெயிலிலும் நடுக்கூடத்துத் தரையில் துண்டை விரித்துப் படுத்தால் உடம்பு குளுகுளுவென்று ஆகிவிடும். அப்பா போனபிறகு வீடு பூட்டியே கிடக்கிறது, சாவி என்னிடம். லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையை ஒரு மணிக்குச் சாத்திவிட்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்வேன். என் சொந்த வீட்டில் ஏசி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, தடுமன்தான் பிடிக்கிறது.

அந்த வீட்டில் சத்யபிரியா அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி. அக்கா சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். முப்பத்திரண்டு படி. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதால் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்குகிறாள். பழைய வீட்டை விற்றுத் தன் பங்கில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை. நியாயமான ஆசைதான். படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்று நானும் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

விற்க மாட்டேன் என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

புரோக்கர் மாதையன் இரண்டு கோடி என்று விலை சொன்னார். நம் வழக்கப்படி அம்மனிடம் பூக் கேட்டோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. பூசாரி சின்னண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் மடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவால் கீழே உட்கார முடியாது அல்லவா.

சிவப்பு வந்தது.

இதில் நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று இருந்தது. அம்மன் வேண்டாம் என்றுதான் சொல்வாள். விலையை ஏற்றச் சொல்கிறாளா, இறக்கச் சொல்கிறாளா என்று சொல்ல மாட்டாள். அக்கா வெகுநேரம் யோசித்தாள்.

"ரெண்டு கோடி கம்மின்னு ஆத்தா நெனைக்கறாளாட்ட இருக்குது, தனபாலு."

இரண்டேகால் என்று மாற்றினோம். மாதையன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மார்க்கெட்டே படுத்துக் கெடக்குதுங்க. போர் போடற ரிக்கு வண்டிக்கு ஓட்டமில்ல, தறியும் பாதி நின்னுபோச்சு. இந்த வெலைக்கு எவனுங்க வருவான்?"

அவர் சொன்னது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் புது விலைக்கும் பூக் கேட்டே ஆகவேண்டும் என்றாள் அக்கா. சிவப்பு. பிறகு ஒன்றே முக்கால். அதற்கும் சிவப்பு.

பூவை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. மாதம் ஒரு ஓடு வீதம் கூரையிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். ஒரேயடியாக எடுக்கவில்லை, வீட்டின் மேல் எனக்கும் பாசம் உண்டு. மேல்மாடி வவ்வால்களுக்குக் கொய்யாப்பழம் வைத்தேன். கழுவித்தான் வைத்தேன். வீடு பார்க்க வந்தவர்களிடம், செத்துப்போன தாத்தா இன்னும் மாடியில் இருமுகிறார் என்று சொன்னேன். தாத்தாவுக்கு இருமல் இருந்தது உண்மை.

இங்கேதான் கணக்குத் தப்பிவிட்டது. வீடு சீரழியச் சீரழிய விலை இறங்கியது. விலை இறங்க இறங்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒன்று நாற்பதுக்குப் பூக் கேட்டு சிவப்பு வந்த வாரத்தில், ஐப்பசி மழையில் நடுக்கூடத்துக் கூரை விழுந்தது. சரியாக நான் படுக்கும் இடத்தில். இந்த விவகாரத்தில் எனக்கும் இழப்பு உண்டு என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

கூரை விழுந்ததைக் கேள்விப்பட்டு எடப்பாடியிலிருந்து மாதேஷ் என்ற தறிக்காரர் வந்தார்.

"கூரை போனா என்னங்க, தூணு நிக்குதில்லீங்க. தொண்ணூத்தஞ்சு லட்சத்துக்கு நான் எடுத்துக்கறனுங்க" என்றார். தாத்தாவின் இருமலைச் சொன்னேன். "பாவம், ஒரு கசாயம் வெச்சுக் குடுத்தாப் போச்சு" என்றார். அவரைப் போன்றவர்களிடம் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா தரைத்தள வீடு ஒன்றைப் பார்த்தே வைத்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை ஐந்தாவது முறையாகப் பூக் கேட்க வந்தாள். வடக்கு மூலையில் கூரை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, குளிர்ச்சியும் குறையவில்லை. அதனால் வழக்கம்போலவே மடித்தேன். சின்னண்ணன் எடுத்தார். சிவப்பு.

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு சின்னண்ணனிடம் கையை நீட்டினாள்.

"அந்த இன்னொரு பொட்டலத்தக் குடுங்க சாமி. நமக்குக் குடுப்பின இல்லாட்டியும் வெள்ளப் பூவக் கண்ணுலயாச்சும் பாத்துட்டுப் போறேன்."

பிரித்தாள். மற்றது உங்களுக்கே தெரியும், நீங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தீர்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து "ஏஞ்சாமி?" என்று மட்டும் கேட்டாள். அங்கே பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இங்கே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கூரை ஓடுகளை எடுத்தது நான்தான். வவ்வாலை வளர்த்ததும் நான்தான். ஐந்து முறை, பத்துப் பொட்டலம். பத்திலும் சிவப்பு அரளியை வைத்து மடித்தது நான்தான். வரும் புதன்கிழமை பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன். மாதேஷ் மதியத்தில் அந்த வடக்கு மூலையை என்ன செய்யப்போகிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆனாலும் மாமா, நீங்கள் நாலும் தெரிந்தவர், நிதானமாக யோசித்துப் பாருங்கள். அம்மனுக்கு இந்த வீட்டை விற்கச் சம்மதம் இருந்திருந்தால், ஐந்தில் ஒரு முறையாவது வெள்ளைப் பூ வந்திருக்காதா?