கேப்டனை மூழ்கடித்தவன்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். முதுகுக்கு இதம். வசனம் எழுதுகிற எங்களுக்கும் இப்படி ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஆட நம் கம்பெனி செய்த காதல் விளையாட்டில் அந்தக் கடற்கொள்ளைக் கேப்டன் திடீரென்று மூழ்கிப்போனது பிழை இல்லை. நான்தான் மூழ்கடித்தேன்.

அவனுக்கு வசனம் எழுதியது நான் என்று உங்களுக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. ஆபீசில் நான் பிழை பார்க்கிறவன் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். காதல் வசனம் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன் என்று மாமனாரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு நாள் அவளும் அந்த விளையாட்டைப் போனில் இறக்கினாள். போச்சு.

"ஊரையே கொள்ளையடிக்கிறான். ஆனா என் கையைப் பிடிக்க அனுமதி கேக்குறான்!" என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே சிரித்தாள். "யாருக்கும் அடங்காதவன், நான் பேசினா மட்டும் வாயை மூடிட்டுக் கேக்குறான்."

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வயிறு எரிந்தது.

ஆனாலும் நான் நியாயஸ்தன், சார். எடுத்த எடுப்பில் கொல்லவில்லை. முதலில் அவனைக் கெடுத்துப் பார்த்தேன். கப்பலில் நின்றுகொண்டு, "என் சட்டை எங்கே, துண்டு எங்கே" என்று அவன் அவளிடம் கேட்பதுபோல் எழுதினேன். "பாவம், அவனுக்கு உடம்பு சரியில்ல போல," என்று உருகிவிட்டாள். அதற்குப் பிறகுதான் புயலை வரவழைத்தேன். சாகும்போது ஒரு வார்த்தை பேசவும் விடவில்லை. விட்டிருந்தால் அதையும் நன்றாகவே எழுதியிருப்பேன், அதுதான் பயம்.

அவள் என் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அவனை எழுதினவரு உங்க ஆபீஸ்லதானே இருக்காரு? அவர்கிட்ட ஒரு தடவை உக்காந்து பேசணுங்க."

நான்தான் என்று வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் தினமும் வீட்டிலும் அப்படியே பேச வேண்டும். ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்காது.

"அவரு வேலையை விட்டுப் போயிட்டாரும்மா," என்றேன்.

நேற்றுக் காலை பெட்டியோடு கிளம்பினாள், அம்மா வீட்டுக்கு. எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. நான் குளிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"கடைசியா ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

துண்டு எங்கே என்று கேட்டேன்.

இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனாள், சார். பாசம் இல்லாமலா?