ரிப்பன் கட்டிய குழாய்

தண்ணி லாரிக்கு நின்றது தறிக்காரம்மா ஒருவர், கோழிப்பண்ணைக்குப் போகிற பெண் ஒருத்தி, பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருவர். பின்னால் நான், எனக்கும் பின்னால் நீள வரிசை. புதுப் பள்ளிக்கூடக் கூரையில் பெய்யும் மழை தொட்டியில் சேரும். ஊருக்கென்று மதிலுக்கு வெளியே ஒரு குழாய். அதில் ரிப்பன் கட்டியிருந்தது.

"அதுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க, தொடக் கூடாது" என்றாள் பண்ணைக்காரி.

"திறப்பு விழாவுக்குத் தேதி வரலைங்க" என்றார் வாட்ச்மேன்.

"நேத்து மழையில தொட்டி ரொம்பிச் சாக்கடைக்குப் போச்சே, அதுக்கு யாருங்க தேதி குடுத்தா?" என்றார் தறிக்காரம்மா.

"லாரிக்கு நின்னே ரெண்டு நாளா வேலைக்குப் போகலை. இன்னைக்கும் போகாட்டி வேற ஆளை வெச்சுக்குவாங்க" என்றாள் பண்ணைக்காரி.



லாரி வரவில்லை. வரிசையில் இருந்த குடங்களை எண்ணினேன். வாட்ச்மேன் குடத்தோடு நாற்பத்தொன்று.