நிறுத்திவைத்த மடல்

கணினிக்காரர்கள் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைப் பேச்சாளர் முடிவு செய்வதில்லை, டிபன்தான் முடிவு செய்கிறது. போண்டா என்றால் நாற்பது பேர், வெறும் பிஸ்கட் என்றால் பதினைந்து. எட்டு வருடமாகக் கூட்டம் நடத்தித் தெரிந்துகொண்டது இது.

நான் தொடங்கும்போது திருப்பூரில் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஆளுக்கொரு பனியன் கம்பெனியின் மூலையில் உட்கார்ந்திருந்தோம். மின்மடல் குழுமம் ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் செய்தி அனுப்புவேன். எந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, எங்கே கூட்டம், யாருக்கு ஆள் வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தார்கள். யார் எழுதினாலும் மடல் முதலில் என்னிடம் வரும், நான் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். சாயப்பட்டறை முதலாளிகள்கூட, "சாரதாமணி மேடம் போட்டிருந்தா சரியாத்தான் இருக்குமுங்க" என்பார்கள். என் வீட்டில் குழம்புக்கு உப்புப் போதுமா என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

ராபினின் மடல் செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் நாசரேத்திலிருந்து பிழைக்க வந்தவர், பட்டறைகளில் கணினி பழுது பார்ப்பவர். மடல் என் புரோகிராமைப் பற்றியது. பாலியஸ்டர் கலந்த துணியை மூடிய மெஷினில் நூற்று முப்பது டிகிரியில் வேகவைத்துச் சாயம் ஏற்றுவார்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஓடி மெஷின் ஆறியதும், கணினித் திரையில் 'மூடி திறக்கலாம்' என்று பச்சையில் வரும். அந்தப் பச்சை நான் எழுதியது. பதினொரு பட்டறைகளில் ஓடுகிறது. மின்சாரம் போனால் தண்ணீர் நின்றுவிடும், மெஷின் ஆறாது. ஆனால் என் புரோகிராம் கடிகாரத்தை மட்டும் பார்த்து, மின்சாரம் இல்லாத நேரத்தையும் ஆறிய நேரமாக எண்ணிக்கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் பச்சை காட்டிவிடும். ராபின் இதைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். தமிழில்தான் ஒற்றுப்பிழைகள் இருந்தன.

படித்ததும் பயம் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, புடவைக்குக் கீழே பாவாடை தெரிகிறது என்று யாரோ உரக்கச் சொன்னதுபோல இருந்தது. பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்டுக் கூட்டம். பெங்களூரிலிருந்து ஆறு பேர் என் புரோகிராமைப் பார்க்க வருவதாக இருந்தது. மடலை அனுமதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. நிறுத்திவைத்தேன்.

வெள்ளிக்கிழமை ராபின் போன் செய்தார்.

"யக்கா, நான் போட்ட மெயில் இன்னும் வரலியே?"

"கூட்டம் முடியட்டும் கண்ணு. பெங்களூர்க்காரங்க வர்ற நேரத்துல நம்மூர் மானம் போயிருமல்ல?"

"மானம் வெந்து போவாதுக்கா. மூடிகிட்ட நிக்கவன்தான் வெந்து போவான்."

நன்றாகப் பேசுவார். கூட்டத்தில் ஒருமுறை பேச வைக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே பிழையைத் திருத்தி சிடியில் ஏற்றிவிட்டேன். கூட்டம் முடிந்தபின், வண்ணப் படங்கள் சேர்த்துப் புதுப் பதிப்பாக எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டால், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கூட்டம் சிறப்பாக நடந்தது. எண்பத்தாறு பேர், போண்டாவும் கேசரியும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நன்றி மடல்கள் எழுதினேன். குழும அமைப்பில், நிறுத்திவைத்த மடல் பதினான்கு நாளில் தானாக அழிந்துவிடும். பதினாறாம் தேதி அது அழிந்தது. நான் அழிக்கவில்லை.

மறுநாள் ராபின் நல்லூரில் சாமியப்பன் பட்டறைக்குப் போய், 'பச்சையை நம்பி மூடியைத் திறக்காதீர்கள்' என்று ஒரு தாளை மெஷினில் ஒட்டினார். சாமியப்பன் உடனே எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங் மேடம், இந்தத் தம்பி என்னமோ சீட்டு ஒட்டிட்டுப் போவுதுங்க. உங்க மடல்ல ஒண்ணும் வரலீங்களே? நெசமா இருந்தா நீங்க போட்டிருப்பீங்கல்ல?"

"போட்டிருப்பேனுங்க" என்றேன்.

தாளைக் கிழிக்கும் சத்தம் போனில் கேட்டது.

வியாழக்கிழமை மதியம் மின்சாரம் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தது. பச்சை வந்தது. சாமியப்பன் பட்டறையில் மெஷின் ஓட்டும் ராசப்பன் மூடியைத் திறந்தார். அவர் நான்கு நாள் உயிரோடு இருந்தார்.

முந்தைய நாள் வந்து கணினியில் கைவைத்துக் கெடுத்தவர் என்று ராபினைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்தீர்கள். மடல் எழுதியதாக அவர் சொன்னார். பிரவுசிங் சென்டரில் குழுமப் பக்கத்திலேயே நேராக எழுதியதால் அவரிடம் நகல் இல்லை. போன வாரம் நீங்கள் வந்து, "அப்படி ஒரு மடல் இருக்கா?" என்று கேட்டீர்கள். குழுமத்தைத் திறந்து காட்டினேன். இல்லை. இன்றுதான், "அப்படி ஒரு மடல் வந்துச்சா?" என்று கேட்கிறீர்கள். வந்தது. ராபினை விட்டுவிடுங்கள். கேட்ட கேள்விக்கு நான் எப்போதும் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அழைப்பிதழ் கொடுக்கச் சாமியப்பன் பட்டறைக்குப் போயிருந்தேன். திருத்திய சிடி என் கைப்பையில்தான் இருந்தது. ராசப்பன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மணி, உங்க பொட்டி தொறக்கலாம்னு சொல்லுதுங்க. மூடியில கை வெச்சா காந்துதுங்க. எதையுங்க நம்பறது?"

அந்த மெஷினில் வெப்பமானியின் முள் நின்றுபோய் இரண்டு வருடம் ஆகிறது. கணினி வந்த பிறகு யாரும் அதை மாற்றவில்லை. முதலாளியும் மற்ற ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி.

"கை பொய் சொல்லுமுங்க. திரை சொல்லாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கை வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று சாமியப்பன் சொன்னார்.

மின்விசிறி நின்றுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் ஒரு மணி நேரம் மின்சாரம் போகும், ஊர் முழுக்கத்தான். மற்ற பத்துப் பட்டறைகளிலும் ராபின் கெடுத்த கணினி அது ஒன்றுதான் என்று நினைத்துத் தைரியமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமைச் செய்தியில் போட்டுவிடலாம் என்று காலையிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். யாரையும் கலவரப்படுத்தாத வாசகம்தான் இன்னும் அமையவில்லை.