சிவப்பு மையில் எண்ணூறு

— 'ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்க?'ன்னு அந்த டயட் மேடம் கேட்டாங்களே, அதுக்கு நீ இன்னா சொன்ன சரசு?

— இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்? தலை சுத்துது. விடுங்க.

— படுத்துகினே சொல்லு. உங்கண்ணன் காதுல விழணும்.

— காலைல ஆறு இட்லின்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நாலுன்னேன். அவங்க சிரிச்சுட்டு, 'நான் உங்க மாமியார் இல்லம்மா, நிஜத்தைச் சொல்லுங்க'ன்னாங்க. அப்புறம் ஆறுன்னேன்.

— அப்பால அவங்க கணக்குப் போட்டு எவ்ளோன்னு எழுதிக் குடுத்தாங்க?

— ஆயிரத்தைந்நூறு கலோரி.

— கேட்டீங்களா ரத்தினம் மாமா? ஆயிரத்தைந்நூறு. அந்தத் தாளு இதோ உங்க ஃப்ரிட்ஜ் மேலயே ஒட்டிகீது. அதை அடிச்சிட்டு செவப்பு பேனாவுல எண்ணூறுன்னு எழுதினது யாரு?

— நான்தான் எழுதினேன். அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே ஏஞ்சல்? இது சிட்லபாக்கம். நாலு வீடு தள்ளி கேட்கும்.

— கேக்கட்டும்! சானடோரியம் எக்ஸ்போர்ட் கம்பெனில தையல் மிஷின் மேல தலைகுப்புற வுழுந்துகீறா உங்க தங்கச்சி. கொஞ்சம் தப்பியிருந்தா ஊசி கண்ணுல ஏறியிருக்கும். உங்க ஃபோனை நீங்க எடுக்கல. ஆஸ்பத்திரில புருசன் கட்டில் பக்கத்துல குந்திகினு இருக்கறவளுக்கு ஃபோன் பண்றாங்க கம்பெனிக்காரங்க.

— அந்தப் புருஷனுக்காகத்தானேம்மா இவ்வளவும்! என் தம்பி கதிரேசனுக்குத்தானே இவ கல்லீரல் குடுக்கப் போறா? எனக்கென்ன ஆசையா, தங்கச்சியைப் பட்டினி போடணும்னு?

— ஆசையோ இன்னாவோ, போட்டீங்கல்ல?

— கணக்கு பார்த்துத்தான் போட்டேன். இவ கல்லீரல்ல கொழுப்பு இருக்கு, அஞ்சு கிலோ குறைஞ்சாத்தான் மறுபடி ஸ்கேன்னு சொன்னாங்க. தினம் ஐந்நூறு குறைச்சா வாரத்துக்கு அரைக் கிலோ. அப்படின்னா பத்து வாரம். அதே எண்ணூறுல நிறுத்தி ஆயிரத்து இருநூறு குறைச்சா? அஞ்சு வாரம்கூட ஆகாது. கதிரு கண்ணைப் பார்த்தியா நீ? மஞ்சள் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு.

— அந்தக் கண்ணை நான் தெனம் பாக்கறேன் மாமா. எனக்கு நீங்க சொல்லாதீங்க. இவ உடம்பு இன்னா, உங்க ஷெட்டுல நிக்கற எலக்ட்ரிக் ட்ரெயினா, ஸ்பீடு ஏத்தறதுக்கு?

— அண்ணி, போதும் அண்ணி.

— நீ சும்மா கெட. மாமா, அந்த மேடம் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. இவ இப்ப இருக்கற உடம்புக்கு ரெண்டாயிரம் செலவாவும், அதுல ஐந்நூறு குறைச்சாப் போதும், எங்களைக் கேக்காம ஆயிரத்து இருநூறுக்குக் கீழ போவாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்களா இல்லியா?

— எல்லாருக்கும் பொதுவா அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்களுக்கு ஒரு பயம்.

— இன்னிக்கு ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க தெரியுமா? இப்டி பட்டினி கெடந்தா கொழுப்போட சதையும் சேர்ந்து கரையுமாம். பித்தப்பைல கல்லு வரலாமாம். இந்த மூணு வாரத்தைக் கணக்குலயே சேக்க மாட்டாங்களாம், மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். இவளைக் கெடுத்து இட்டுகினு வந்தீங்கன்னா நாங்க தொடவே மாட்டோம்னுட்டாங்க. தொடலன்னா என் புருசன் கதி இன்னா? சொல்லுங்க!

— சரி, தப்பு நடந்துபோச்சு. தெரியாம பண்ணிட்டேன். இவளும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மூணு வாரமா வாயே திறக்கலை.

— திறந்தேண்ணா.

— எப்போ திறந்தே?

— போன செவ்வாக்கிழமை. மாடிப்படி ஏறும்போது கண்ணு இருட்டுதுன்னு சொன்னேன். 'ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், மனசுதான் காரணம்'னே. முடி கொத்துக் கொத்தா வருதுன்னு அண்ணிகிட்ட சொன்னேன், உன் பொண்டாட்டிகிட்ட. 'ஷாம்பூவை மாத்திப் பாரு'ன்னாங்க.

— இதையெல்லாம் இப்ப சொல்லிக் காட்டணுமா?

— காட்டணும். ராத்திரி சாப்பாட்டுக்குத் தராசை வெச்சு எனக்கு மட்டும் சோறு நிறுத்தே. பசங்க முன்னாடி. சின்னவன் 'அத்தைக்கு நாய்க்குட்டி சோறு'ன்னான். நீ அவனை அதட்டுவேன்னு பார்த்தேன். நீயும் சிரிச்சே.

— குழந்தை ஏதோ விளையாட்டுக்குச் சொன்னான்.

— நான் குண்டுதாண்ணா. எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ல என் பக்கத்து சீட்டு எப்பவும் காலியாத்தான் வரும். அதெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. கதிரண்ணனுக்காகன்னு நெனைச்சுத்தான் அந்தப் பிடிச் சோத்தையும் தின்னுட்டுத் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தேன். பசில தூக்கம் வராது. அடுத்த ரூம்ல நீங்க சோறு போட்டுக்கற கரண்டிச் சத்தம் கேட்டுட்டே இருக்கும்.

— அழு சரசு. அழுதுடு.

— அழமாட்டேன் அண்ணி. கோவம்தான் வருது. அண்ணா, அந்த எண்ணூறை நீ ஒரே ஒரு நாள் சாப்ட்டுப் பாரேன். ஷெட்டுக்குப் போயி எட்டு மணி நேரம் நின்னுட்டு வா. அப்புறம் பேசலாம்.

— நான் ஏண்டி சாப்பிடணும்? உன்னை மாதிரி கண்டதையும் தின்னா வளர்ந்தேன்? தினம் காலைல ஏரியை மூணு ரவுண்டு சுத்தறேன். இந்த வயசுல இவ்வளவு சுத்தமான கல்லீரலைப் பார்த்ததே இல்லைன்னு அந்த டாக்டரே சொன்னாரு.

— எந்த டாக்டர்?

— அங்கதான். கதிரைப் பார்க்கறவரு.

— உன் கல்லீரலை அவரு எப்போ பார்த்தாரு?

— அது... பொதுவா சொன்னாரும்மா.

— ரத்த குரூப்பே சேரலைன்னு மொத நாளே திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னியே. என்னை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனப்ப நர்ஸ் சொன்னாங்க, குரூப் சேர்ந்தாத்தான் ஸ்கேன் வரைக்கும் விடுவோம்னு. சேராதவனுக்கு எதுக்குண்ணா எடுத்தாங்க?

— மாமா, அவ கேக்கறா இல்ல? பதில் சொல்லுங்க.

— சேர்ந்துச்சு. போதுமா? எல்லாம் சேர்ந்துச்சு. 'நீங்களே குடுக்கலாம், அடுத்த வாரமே ஆபரேஷன் வெச்சுக்கலாம்'னாங்க.

— ஐயோ மாமா! எப்போ?

— ரெண்டு மாசம் முன்னாடி.

— ரெண்டு மாசம்! அப்பல்லாம் அவரு எழுந்து நடந்துகினு இருந்தாரே! வயித்துல தண்ணியே கோக்கலியே! தூ, நீயெல்லாம் ஒரு அண்ணனா?

— எனக்குப் பயமா இருந்துச்சும்மா. தனியாக் கூப்பிட்டு 'உங்களுக்கு முழுச் சம்மதமா'ன்னு கேட்டாங்க. இல்லைன்னு தலையாட்டிட்டேன். காரணத்தை வெளியே சொல்ல மாட்டோம்னாங்க. பெரியவன் பன்னெண்டாவது படிக்கிறான். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பசங்களும் தெருவுல நிப்பாங்க. ஆனா சரசுக்கு...

— முடிண்ணா. எனக்கு?

— விடு.

— இல்ல, சொல்லி முடி. எனக்கு என்ன?

— உனக்குன்னு யாரு இருக்கா, சரசு?

— கேட்டியா சரசு? கேட்டியா இந்தாளு பேச்சை? இவரு பயந்துகினு வூட்ல குந்திக்குவாராம். நீ ஓடணுமாம், அதுவும் சீக்கிரமா ஓடணுமாம்!

— இருங்கண்ணி. அண்ணா, நீ பயந்தது தப்புன்னு நான் சொல்லலை. எனக்கும்தான் பயம். வயித்தைக் கிழிக்கப் போறாங்களே. ஆனா உன் பயத்துக்கு என் சோத்தைத் தராசுல நிறுத்தே பாரு, அதை நான் மறக்கமாட்டேன்.

— சரசு, நான் சொல்றதைக் கேளு...

— நீ கேளு. நாளைலேர்ந்து ஆயிரத்தைந்நூறு. அந்த மேடம் சொன்னபடி, ஒரு பிடி குறையாம. பத்து வாரம் ஆனா ஆகட்டும். அதுக்கப்புறம் நான் குடுக்கறேன், கதிரண்ணனுக்குக் குடுக்கத்தான் போறேன். ஆனா அந்தப் பத்து வாரம் அவருக்குத் தாங்கலைன்னா நீ போகணும். போவியா? அவங்க கேட்ட மாதிரியே கேக்கறேன். உனக்கு முழுச் சம்மதமா?

— எங்க மாமா, செருப்பை மாட்டறீங்க? அவளுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க! மாமா!

— கேட் சத்தம் கேக்குது.

— போயிட்டாரு சரசு. திரும்பிக்கூடப் பாக்கல.

— போகட்டும் அண்ணி. உக்காருங்க.

— சரசு.

— சொல்லுங்க.

— நேத்து அவரு வயித்துலேர்ந்து நாலு லிட்டர் தண்ணி எடுத்தாங்க. போன தபா ரெண்டுதான் எடுத்தாங்க. பத்து வாரம்னு நீ சொன்னப்ப எனக்கு...

— எதுக்கு என் கையை இப்படிப் பிடிக்கிறீங்க? வலிக்குது.

— எண்ணூறு வேணாம் சரசு. சத்தியமா வேணாம். ஒரு ஆயிரம்னு வெச்சுக்கலாமா?