ஈயம் இறுகும் வரை

அந்த இன்ஜினைக் கொஞ்சம் பார்த்துத் தூக்குங்கள், ஐயா. பக்கவாட்டில் பிடித்தால் கைப்பிடிக் கம்பி வளைந்துவிடும்.

இந்த நீராவி இன்ஜின் மாதிரிகள் பெட்டியில் வெறும் பித்தளைத் தகடாகத்தான் வரும். ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, மடித்து, ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு கையில் ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல், இன்னொரு கையில் துண்டைப் பிடிக்கும் சாமணம். ஈயம் உருகி ஓடும்போது சாமணத்தை விட்டால் போச்சு, துண்டு கோணிக்கொள்ளும். மறுபடி சூடாக்கினால் பக்கத்தில் ஒட்டியதும் கழன்று கையோடு வரும்.

அக்கா படுத்த படுக்கையான பிறகுதான் இதில் இறங்கினேன். அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, தொண்டையும் சரியாக வேலை செய்யாது. சளி அடைத்தால் ஆள் போய்த் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்ட வேண்டும். இல்லையென்றால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அம்மா போனபின் என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள். நான் முகம் சுளித்ததில்லை. தெருவில் விசாரித்தால் தங்கமான தம்பி என்பார்கள்.

அவள் கைக்குப் பக்கத்தில் அழைப்பு மணியின் பொத்தான் இருந்தது. மூச்சு முட்டினாலும் அழுத்துவாள், மின்விசிறியைக் குறைக்கவும் அழுத்துவாள். திடீரென்று மணி அடித்தால் எனக்குக் கை தூக்கிப்போடும். இன்ஜின் சிலிண்டர் ஒன்று அப்படித்தான் பாழானது. அதனால் மணியைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பியில் ஒரு சிவப்பு விளக்கை மாட்டி என் மேசைமேல் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

"உன் ரயிலுக்கு என்னையே சிக்னல் போடச் சொல்றியாடா?" என்று குழறிக்கொண்டே சிரித்தாள். "சரி, ஈயம் இறுகட்டும், அப்புறமா வா. நான் எங்க ஓடிப்போகப் போறேன்."

இறுக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டீர்கள். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான்.

அன்றைக்குப் பாய்லரின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது. இறுகட்டும் என்று பிடித்திருந்தேன், இறுகியது. எழுந்திருக்கலாம். ஆனால் தகடு நல்ல சூட்டில் இருந்தது, ஆறவிட்டால் மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். இன்னும் கொஞ்சம் முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது. மின்விசிறியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஐயா. அலுத்துப்போயிருந்தேன். அந்த வீட்டில் துடைத்தது மறுபடி அழுக்காகும், ஊட்டியது வெளியே வரும், நிமிர்த்தி உட்காரவைத்தால் சரிந்துவிடுவாள். எத்தனை செய்தாலும் எதுவும் சரியாகவில்லை. நான் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது அந்தப் பித்தளை மட்டும்தான்.

அப்போதுதான் அக்காவை அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸ் வந்தாள். அன்றைக்கு அவள் வரவேண்டிய நாளில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்தவள், அப்படியே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா எப்படி இருக்காங்கண்ணே? ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்."

"இப்பத்தாம்மா கண் அசந்தா. நாளைக்கு வாயேன்."

சரியென்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வேலை மும்முரத்தில் விளக்கைக் கவனிக்கவில்லை என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். நர்ஸின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, மேசைக்கு முன்னால் நின்று அதை மறைத்துக்கொண்டுதான் அவளிடம் பேசினேன். அவள் படியிறங்கும்போதும் அது எரிந்துகொண்டிருந்தது. நான் திரும்பி உட்கார்ந்து மிச்சத்தையும் ஒட்டி முடித்தேன். நடுவில் எப்போதோ விளக்கு அணைந்துவிட்டது. அக்கா எப்போதும்போல் எனக்காகப் பொறுத்துக்கொண்டாள் என்று நிம்மதியாக இருந்தது.