படகில் கிடைத்த ஜோடி

மரப் படகில் போகிறவர்கள் நடுவில் உட்காருவதுதான் நல்லது. முன்னால் உட்கார்ந்தால் தண்ணீர் அடிக்கும், பின்னால் உட்கார்ந்தால் டீசல் புகை வயிற்றைப் புரட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். முர்னியிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா. எனக்கு முதல் என்றால் அதுதான்.

என் பெயர் தார்யோனோ. ஜகார்த்தாவில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் வேலை. முன்பெல்லாம் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பேன். வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, நன்றி என்பார்கள். இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. அதற்குள் ஒரு பெண்ணின் குரலை வைத்திருக்கிறார்கள். சிலர் அந்தக் குரலுக்கும் நன்றி சொல்கிறார்கள். நான் உள்ளறையில் உட்கார்ந்து அதைத் திரையில் பார்க்கிறேன். வேலை விட்டால் வாடகை அறை, அங்கேயும் நான் மட்டும். திங்கள்கிழமை யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினால், தொண்டைக்கு அடுத்த வேலை வெள்ளிக்கிழமைதான் வரும். குறையாகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைப் படகு. முவாரா ஆங்கே துறைமுகத்தில் காலையில் ஏறினால் மூன்று தீவுகளைச் சுற்றிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். தீவுகள் எனக்குப் பெரிதல்ல. அதே இடிந்த கோட்டை, அதே இளநீர், அதே ஊஞ்சலில் உட்கார்ந்து அதே படம். நான் போவது படகில் ஆள் சரிபார்க்கும் அந்த நேரத்துக்காக.

ஆல்டி என்ற பையன்தான் எங்கள் படகுக்கு வழிகாட்டி. ஏறியதும் அவன் சொல்கிற முதல் பேச்சு எனக்கு மனப்பாடம். "சாயங்காலம் வரைக்கும் நாம எல்லாரும் ஒரே குடும்பம். செருப்பைக் கழட்டி வைங்க, வீட்டுச் சண்டையையும் அங்கேயே கழட்டி வைங்க." ஒவ்வொரு தீவிலிருந்தும் கிளம்பும்போது அவன் தலைகளை எண்ண மாட்டான். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், எண்ணிக்கை தப்பிவிடும். அதற்குப் பதில், "பக்கத்துல இருக்கறவங்க இருக்காங்களா?" என்று கத்துவான். "இருக்காங்க" என்று எல்லாரும் கத்த வேண்டும். கணவனுக்கு மனைவி, பிள்ளைக்குத் தாய். தனியாக வருகிறவர்களுக்கு மட்டும் அவனே ஜோடி சேர்த்துவிடுவான். அன்று முழுக்க அவருக்கு நான் பொறுப்பு, எனக்கு அவர் பொறுப்பு. யோசித்துப் பாருங்கள் ஐயா, உங்கள் வாழ்க்கையில் இப்படி யாராவது ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார்களா?

ஒருமுறை எனக்கு வாய்த்த ஜோடி ஒரு தூங்குமூஞ்சி. நான் தீவின் கழிப்பறையில் இருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே "இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். நான் வெளியே வந்தபோது படகு போய்க்கொண்டிருந்தது. கரையில் நின்று பார்த்தேன். கையை ஆட்டிக் கத்தினேன், ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு படகு திரும்பியது. யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். நான் ஏறியதும் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி என் தலையைத் துவட்ட வந்துவிட்டார், நான் நனையவே இல்லை. அன்று திரும்பும் வழியெல்லாம் என்னைச் சுற்றித்தான் பேச்சு. விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது போல ஒரு சந்தோஷம் வேறு கிடையாது. இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

முர்னி வந்தது மேற்குக் காற்று வீசும் மழைக்காலத்தில். ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். கையெல்லாம் வெளிறிப் போயிருக்கும். ஆல்டி அவளை என் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த அண்ணன் எங்க படகோட தூண், புடிச்சுக்கோங்க" என்றான். நான் சொன்னபடி அவள் நடுவில் உட்கார்ந்தாள். பொரித்த தெம்பே சோயா வில்லையைப் பிட்டுப் பாதி கொடுத்தாள். ஸாலாக் பழத்தை உரித்து, சுளையில் ஒட்டியிருந்த தோலைக்கூட எடுத்துவிட்டுத் தந்தாள். எனக்காக யாரும் பழம் உரித்து வருஷங்கள் ஆயிற்று. உச்சி குளிர்ந்துவிட்டது என்றே சொல்லலாம்.

முதல் தீவில் என்னிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்த பிறகு, "அண்ணா, நீங்களும் வாங்க" என்று போனைத் திருப்பிப் பிடித்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து எடுத்தாள். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இரண்டாவது தீவில் சாப்பாடு. சுட்ட மீனும் மிளகாய்ச் சம்பலும். எங்கள் படகில் வந்த, பெக்காசியில் ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்கிற நாலைந்து பெண்கள் ஒரு பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். முர்னி மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தாள். நகர்ந்தது தெரியவே இல்லை. தட்டு என் பக்கம் இருந்தது, ஆள் அந்தப் பக்கம் இருந்தாள்.

"அடுத்த ஞாயிறும் வருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ அண்ணா, இது ஒண்ணே போதும். இந்த மாசத்தோட வேலையை விட்டுட்டு எங்க ஊரு கெபுமெனுக்கே போயிடறேன். அம்மா தனியா இருக்காங்க."

அந்தப் பெண்களில் ஒருத்தி குறும்புக்காரி. "ஏய், உன் ஜோடி முறைக்கறாரு பாரு. சோறு ஊட்டி விட்டியா இல்லையா?" என்றாள்.

முர்னி சிரித்தாள். "சும்மா இருங்கடி, பாவம் அவரு. கணக்குக்குத்தானே ஜோடி."

எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்கிறீர்கள், நானும் திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறேன். அவள் சொன்னதில் தப்பு என்ன? கணக்குக்குத்தான் ஜோடி. ஆனால் அதற்குமேல் எப்படி ஆவது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்றாவது தீவில் படகு அணைய மேடை கிடையாது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். எல்லாரும் செருப்பைப் படகிலேயே விட்டுவிடுவார்கள். அங்கே கடையில்லை, காவல்காரர் இல்லை. ஒரு பழைய மதிலும் புதரும்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று முர்னி போனை என் பையில் போட்டாள். மதிலுக்குப் பின்னால் பாறைக் குழியில் நட்சத்திர மீன்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றேன். இருக்கத்தான் செய்கின்றன, அது பொய்யில்லை.

"படகு கிளம்பினா?" என்றாள்.

"நான் வந்து கூப்பிடறேன்."

"மறந்துடாதீங்க அண்ணா."

நான் மறக்கவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். மறதி என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் அதை நீங்கள் நம்பக் கூடாது.

காற்று வலுத்ததால் சீக்கிரமே கிளம்பினோம். மழைக்காகப் படகைச் சுற்றித் தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள், முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. ஆல்டி வழக்கம்போலக் கத்தினான். எல்லாரும் சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்து, "தூணு அண்ணே, உங்க ஆளு?" என்றான்.

"இருக்காங்க. தலை சுத்துதுன்னு முன்னால படுத்திருக்காங்க. எழுப்பாதீங்க."

அவன் ஏன் முன்னால் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டால் அந்தப் பையனுக்கு வேலை போய்விடும். ஜோடி சொன்னால் போதும் என்பதுதான் அங்கே நடைமுறை. அவனை விட்டுவிடுங்கள்.

துறைமுகத்தில் நல்ல மழை. அவரவர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் ஒரு ஜோடிச் செருப்பு மிஞ்சியது. அதையும் என் பையில் வைத்துக்கொண்டேன். பெக்காசிப் பெண்கள் வண்டியோடு முர்னிக்காகக் காத்திருந்தார்கள். அவளுடைய மாமா மகன் பைக்கில் வந்து அழைத்துப் போய்விட்டான் என்றேன். "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே, திமிரு" என்றாள் அந்தக் குறும்புக்காரி. அப்படிச் சொல்லாதீங்க, நல்ல பெண், ஏதோ அவசரம் என்று நான் அவளுக்காக வாதாடினேன்.

என் திட்டம் எளிமையானது. வாடகைக்கு ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்து இருட்டுவதற்குள் போய் அவளைக் கூட்டி வருவது. அவ்வளவுதான். கரையில் நின்று அவள் என்னைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் உலகத்தில் அவளுக்கு வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அதன் பிறகு அவள் என்னைக் கணக்குக்கு என்று சொல்லியிருப்பாளா?

சனுசி என்ற படகுக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் கடலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கிறுக்குப் புடிச்சிருக்கா? அலை எப்படி எழும்புது பாரு. காலையில போலாம்" என்றார். நான் நகரவில்லை. அவர் குரல் மாறிவிட்டது. "ஏம்பா, அங்க யாராவது மாட்டிக்கிட்டாங்களா? ஆள் இருந்தா சொல்லு. ரோந்துக்காரங்களையும் சேத்துக்கிட்டு இப்பவே போயிடலாம், எனக்கு உசிரு பெரிசில்ல."

"ஆள் இல்ல. என் பை ஒண்ணை விட்டுட்டு வந்துட்டேன்."

"அடப்பாவி, ஒரு பைக்கா இந்தப் பாடு?" என்று சிரித்துவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். நான் விளக்குகிறேன். ரோந்துப் படகு வந்தால் விளக்கோடு வரும். சீருடை போட்ட ஆட்கள் இறங்குவார்கள். போர்வை போர்த்துவார்கள். சனுசி வேறு இருப்பார். அத்தனை பேருக்கு நடுவில் அவள் யாரைப் பார்த்து முதலில் சிரிப்பாள்? நான் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவேன். மறுபடியும் உள்ளறைதான். காலையில் யாருக்கும் சொல்லாமல் போவது என்று முடிவு செய்தேன். ஒரு துண்டும், இஞ்சி போட்ட வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க்கும் வாங்கினேன். அவள் குளிரில் நடுங்குவாள் என்று எனக்கு அக்கறை இருந்தது.

அறைக்கு வந்து சேர்ந்தபோது பையில் போன் அடித்தது. என் அறையில் போன் சத்தம் கேட்பது அபூர்வம், எங்கிருந்து வருகிறது என்றே முதலில் பிடிபடவில்லை. திரையில் 'அம்மா' என்று இருந்தது. நின்றது, மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"முர்னி, எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"அம்மா, நான் அவங்க கூடப் படகுல வந்தவன். மழையினால எல்லாரும் தீவுலயே தங்கிட்டோம். பொண்ணுங்க எல்லாம் ஒரு அறையில படுத்துட்டாங்க. போன் என்கிட்ட இருக்கு."

"தனியா இல்லைல்ல அவ?"

"இல்லம்மா. நான் இருக்கேன்."

அவர் மூச்சு விட்டது கேட்டது. "உனக்குப் புண்ணியமாப் போகட்டும். உன் பேரென்னப்பா? சாப்பிட்டியா?"

சாப்பிட்டேனா என்று கேட்டார், ஐயா. அதன்பின் வெகுநேரம் பேசினோம். முர்னிக்காக முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தது, அவள் அப்பா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் இருப்பது, அவளுக்குப் பிடிக்கும் என்று இரண்டு கோழி வளர்ப்பது, எல்லாம் சொன்னார். நானும் சொன்னேன். சீட்டுக் கூண்டைப் பற்றி, இயந்திரத்தின் குரலைப் பற்றி. அவர் சிரித்தார். வைக்கும்போது, "நாளைக்குக் கூப்பிடறேன் தம்பி" என்றார்.

விடியலில் சனுசியோடு போனேன். அவரைப் படகிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மதிலைச் சுற்றி வந்தேன். யாரும் இல்லை. கடலில் வலை போடுகிறவர்கள் கம்பு நட்டுக் கட்டிய மேடையில் இரவில் விளக்கு எரியும், அது கரையிலிருந்து பார்த்தால் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். அதை நம்பித்தான் அவள் நீந்தி மூழ்கிப் போயிருக்கிறாள் என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். அவள் தண்ணீரில் இறங்கியது நடுஇரவுக்குப் பிறகுதான் என்று உடலைப் பார்த்த மருத்துவர் சொன்னதாகவும் சொன்னீர்கள். அப்படியானால் நானும் அந்த அம்மாவும் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் அங்கே உயிரோடு நின்று, நான் வருகிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். மதிலுக்குப் பின்னால் அனுப்பியதும், கூப்பிடாமல் வந்ததும், சனுசியிடம் ஆள் இல்லை என்றதும் தெரிந்தேதான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

எனக்கு ஒரே ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். அந்தப் போன் இப்போது உங்களிடம் இருக்கிறது, அந்த அம்மாவுக்கோ என் எண் தெரியாது. என் எண்ணை அவரிடம் கொடுத்துவிடுங்கள். மகளும் போன பிறகு, பாவம், அவருக்குப் பேசுவதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?